ஒன்பது படம், நாலு நொடி

மேமி மூடப்படுகிறது என்ற அறிவிப்பைத் தளத்தின் முகப்பில் ஏற்றியது உன்சிம்தான். வாசகம் வழக்கறிஞருடையது. அதில் "மூடுகிறோம்" என்று இருந்த இடத்தை டீம் லீடர் தாக் அடித்துவிட்டு "சேவையை நிறைவு செய்கிறோம்" என்று மாற்றியிருந்தார். கல்யாண வீட்டில் பந்தி நிறைவு செய்வதைப் போல. ஏப்ரல் முப்பதாம் தேதி மாலை ஆறு மணிக்கு நிறைவு. அதற்குள் அவரவர் காணொளிகளை அவரவர் இறக்கிக்கொள்ள வேண்டும்.

சியோலில் அந்த வசந்தத்தில் நின்றுபோன காணொளித் தளங்களில் மேமி மூன்றாவது. முதல் தளம் ஒரு வெள்ளிக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் நின்றது. இரண்டாவது தளம் வருந்துகிறோம் என்று ஒரு வரி போட்டுவிட்டு நின்றது. இரண்டே வருடத்துக்கு முன்பு பத்திரிகைக்காரர்கள் இந்தத் தளங்களைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். கையில் போன் இருப்பவன் எல்லாம் இனி ஒரு தொலைக்காட்சி நிலையம் என்றார்கள். காணொளி என்பது கனமான சரக்கு, அதை வைக்க இடமும் அனுப்ப கம்பியும் வேண்டும், இரண்டுக்கும் மாதாமாதம் அழ வேண்டும் என்பதை யாரும் எழுதவில்லை. விளம்பரக்காரர்கள் வரவில்லை. நாடகத் தொடர்களை வெட்டி ஏற்றிய பயனர்களுக்காகத் தொலைக்காட்சி நிறுவனங்கள் வழக்குப் போட்டன. கடல் கடந்து வந்த பெரிய தளம் ஒன்றும் உள்ளூர்ப் பெரிய தளம் ஒன்றும் கூட்டத்தை அள்ளிக்கொண்டன. மிச்சம் இருந்தவர்கள் மூச்சு வாங்கி மூச்சு வாங்கி, ஒவ்வொருவராக உட்கார்ந்துவிட்டார்கள்.

மேமி என்றால் சிள்வண்டு. கோடையில் மட்டும் கத்தும் பூச்சியின் பேரை எந்தப் புத்திசாலி வைத்தானோ என்று உன்சிம் பலமுறை நினைத்திருக்கிறாள்.

அலுவலகம் சியோலின் காசான் பகுதியில், கண்ணாடிக் கட்டடத்தின் ஒன்பதாவது மாடி. அந்த இடத்தில் முன்பு இருந்தது ஏற்றுமதிச் சட்டை தைக்கும் ஆலை. உன்சிமின் அம்மா பதினேழு வயதில் அங்கேதான் காலர் தைத்தாள். ஆலை போய்க் கண்ணாடி வந்தது. மகள் அதே மண்ணுக்கு மேல் ஒன்பது மாடி ஏறிப் பட்டதாரியாக உட்கார்ந்தாள். "எம் பொண்ணு தூசி இல்லாத வேலை பாக்குறா" என்று அம்மா சந்தில் இருந்த அத்தனை பேரிடமும் சொல்லியிருந்தாள். குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் உன்சிம். அறுபது இடத்துக்கு விண்ணப்பம் போட்டு, நேர்முகத்துக்குக் கூப்பிட்ட ஏழு இடத்திலும் "இது எந்த ஊர்க் காலேஜ்?" என்ற கேள்வியை எதிர்கொண்டவள். அந்தக் கேள்வியைக் கேட்காத ஒரே ஆள் தாக். "கண்ணு நல்லா தெரியுமா? நாளைக்கே வா" என்றார்.

கண்தான் வேலை. பயனர்கள் ஏற்றும் ஒவ்வொரு காணொளியும் வெளியே தெரிவதற்கு முன்பு ஆய்வுக்கு வரும். யாருக்கும் காட்டாமல் தனக்கென்று பூட்டி வைப்பதும் வரும். முழுக் காணொளியைப் பார்க்க நேரம் ஏது? கணினியே அதிலிருந்து ஒன்பது இடத்தில் வெட்டி ஒன்பது சிறு படங்களாக அடுக்கிக் கொடுக்கும். ஒன்று அழுத்தினால் போகலாம். இரண்டு, ஆபாசம். மூன்று, திருட்டு. நான்கு, இரத்தம். சுழியம் அழுத்தினால் காலி. ஒன்பது படமும் கறுப்பாக இருந்தால் காலி. பையில் கிடந்த போன் தானாகப் பதிவு செய்துகொண்டதாக இருக்கும், அப்படி ஒரு நாளைக்கு ஐம்பது வரும். ஒரு ஆளுக்கு நாளொன்றுக்கு மூவாயிரம் காணொளி.

முதல் சில மாதம் அவர்களிடம் காணொளியின் ஒலி கேட்கக் காதுக்கருவி இருந்தது. காதில் மாட்டினால் ஆள் கேட்க ஆரம்பித்துவிடுகிறான், கேட்டால் எண்ணிக்கை விழுகிறது என்று தாக் ஒருநாள் செருப்புப் பெட்டி ஒன்றை எடுத்து வந்து எல்லாவற்றையும் அதில் வாங்கிப் போட்டுக்கொண்டார். அந்தப் பெட்டி இன்னும் அவர் அலமாரிக்கு மேலே இருந்தது.

பதினோரு ஆய்வாளர்களில் மூன்று பேரை அந்த உள்ளூர்ப் பெரிய தளம் எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு. தாக் கொடுத்த பட்டியலில் முதல் பெயர் உன்சிம். ஆயிரத்துக்கு இரண்டுதான் அவளுடைய பிழை. மே நான்காம் தேதி சேர வேண்டும். அம்மா அதற்குக் கறுப்புக் கோட்டு வாங்கி, பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காமல் சுவரில் மாட்டி வைத்திருந்தாள்.

இருபத்தெட்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஒரு பெண் மாடி ஏறி வந்தாள். வரவேற்பு மேசையை அதற்கு முன்பே விற்றிருந்தார்கள், அதனால் தடுக்க யாரும் இல்லை. நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒரு கையில் பழுப்பு உறை. மறு கையில் பத்துப் புட்டி சத்து பானம் அடங்கிய அட்டைப்பெட்டி. காரியம் கேட்டுப் போகிறவர்கள் எல்லாரும் வாங்கிப்போகும் அதே பெட்டி. காலி மேசைகளுக்கு நடுவே அவள் யாரைக் கேட்பது என்று தெரியாமல் நின்றாள்.

"கஸ்டமர் சர்வீஸ் அக்காங்க போனதோட அந்த வேலையும் நம்ம தலையிலயா?" என்று, உன்சிமுக்குப் புது வேலை கிடைத்ததைப் போனில் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்த பக்கத்து இருக்கை ஆரம் முணுமுணுத்தாள். அவளுக்கு இருபத்து மூன்று வயது. பட்டியலில் இல்லாதவள். அதனால் எதற்கும் பயப்படாதவள்.

உன்சிம் எழுந்து போனாள். வந்தவள் பெயர் மேங் சுன்தொக். சிஹ்வா தொழிற்பேட்டையில் ஒரு ஆலைச் சாப்பாட்டுக்கூடத்தில் சமைக்கிறாள். தம்பி இல்ஹோவுடைய காணொளி ஒன்று இந்தத் தளத்தில் இருக்கிறது, அதை வாங்கிப்போக வந்திருக்கிறாள். அவன் கணக்கைத் திறக்க முடியவில்லை. கடவுச்சொல் மறந்தால் பழைய போன் எண்ணுக்குத்தான் குறியீடு போகும். பூஜ்யம் பதினொன்றில் தொடங்கும் அந்த எண் புது போன் வாங்கியபோது போய்விட்டது. அதனால் தபாலில் படிவம் அனுப்பினார்கள். இரண்டு முறை அனுப்பினார்கள். இரண்டு முறையும் திரும்பி வந்தது.

அவள் உறையிலிருந்து இரண்டு படிவங்களையும் எடுத்து மேசையில் விரித்தாள். இரண்டிலும் சிவப்பு மையில் ஒரு பெருவிரல் ரேகை. இரண்டிலும் அதற்குக் கீழே மேமியின் முத்திரை: ரேகை பிழை, வலது பெருவிரல் தேவை.

"வலது பெருவிரல் வேணுமாம் மேடம்," என்றாள் சுன்தொக். குரலில் சண்டை இல்லை. "அது இருந்தா இந்த வீடியோவத் தேடி நான் ஏன் வர்றேன்?"

ஆரம் தட்டச்சை நிறுத்தினாள்.

கதையைச் சுன்தொக் நின்றபடியே சொன்னாள். இல்ஹோ பிரஸ் இயந்திரத்தில் வேலை பார்த்தவன். தகட்டை அடித்து வளைக்கும் இயந்திரம். கை உள்ளே இருந்தால் அடிக்காமல் நிறுத்துவதற்கு அதில் ஒரு சென்சார் உண்டு. போன வருடம் மார்ச் பன்னிரண்டாம் தேதி அது நிறுத்தவில்லை. சென்சார் கழற்றப்பட்டிருந்தது. ஆலைக்காரர்கள் அவனே கழற்றினான் என்று எழுதிவிட்டார்கள். காப்பீடு வந்தது, அது வேறு விஷயம். ஆனால் வழக்கில் அந்த எழுத்துதான் நிற்கிறது. கழற்றச் சொன்ன நாளன்று அவன் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பதிவு செய்திருக்கிறான். அன்றைக்கே இங்கே ஏற்றிப் பூட்டியும் வைத்திருக்கிறான்.

"பழைய போன் எங்கக்கா?" என்று உன்சிம் கேட்டாள்.

"நான்தான் கடையில குடுத்துட்டேன்." சுன்தொக் படிவத்தின் ஓரத்தை நீவினாள். "ஒத்தக் கையால திறக்க வசதியா இருக்கட்டுமேன்னு புதுசு வாங்கினேன். பழசக் குடுத்தா விலையில கழிச்சிக்கிறேன்னான். அவன் ஆஸ்பத்திரியில மயக்கத்துல கெடந்தான், கேக்கல நான்."

உன்சிம் அவனுடைய குடிமக்கள் எண்ணை வாங்கித் தட்டினாள். சொந்தப் பெயரும் அந்த எண்ணும் இல்லாமல் யாரும் எதையும் ஏற்றக் கூடாது என்பது சட்டம். எல்லாரும் திட்டும் சட்டம், அவளும் திட்டியிருக்கிறாள். திரையில் ஒரே ஒரு வரி வந்தது.

மேங் இல்ஹோ. 2008 மார்ச் 3. நீளம்: பதினோரு நிமிடம் நாற்பது நொடி. தனிப்பட்டது. தலைப்பு: நாலாம் நம்பர் பிரஸ், சென்சாரக் கழட்டச் சொன்னாங்க. முடிவு: காலி. ஆய்வு நேரம்: நாலு நொடி. ஆய்வாளர்: பியோ உன்சிம். கோப்பு நீக்கம்: 2008 அக்டோபர் 17.

அவள் திரையைக் கொஞ்சம் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். யோசித்துச் செய்யவில்லை. கை தானாகச் செய்தது.

"இல்லக்கா. அழிஞ்சிருச்சு."

"யாரு அழிச்சா?"

"போன வருஷம் சர்வர்ல இடம் பத்தல. யாரும் பாக்காதது, காலியா இருந்தது, எல்லாத்தையும் மொத்தமா எடுத்துட்டாங்க."

அது உண்மைதான். டாலர் ஏறி, வாடகை ஏறி, காலி என்று குறித்ததை எல்லாம் ஒரே வெள்ளிக்கிழமையில் துடைத்தார்கள். துடைத்தவர்கள் வேறு யாரோ. குறித்தது யார் என்று சுன்தொக் கேட்கவில்லை. கேட்கும் அளவுக்கு அவளுக்கு இந்த வேலையைப் பற்றித் தெரியாது.

"காலி இல்ல தங்கச்சி அது," என்றாள் அவள். "மேடம்" போய்த் "தங்கச்சி" வந்திருந்தது. "படம் இருட்டாத்தான் இருக்கும், பைக்குள்ள இருந்துச்சுல்ல. பேச்சு இருந்துச்சு. காதுல வச்சிருந்தா தெரிஞ்சிருக்கும்."

சிரமம் கொடுத்ததற்கு மன்னிக்கச் சொல்லிக் குனிந்து வணங்கினாள். படிவங்களில் ஒன்றை ஏதாவது வழி இருந்தால் பார்க்கச் சொல்லி மேசையில் விட்டாள். அட்டைப்பெட்டியைத் திரும்ப எடுத்துப்போகச் சொன்னபோது, வேண்டாம், எல்லாரும் குடியுங்கள் என்று சொல்லிவிட்டு மின்தூக்கிக்குள் போனாள். கதவு மூடும்வரை உன்சிம் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

ஆரம் ஒரு புட்டியைத் திறந்து, உன்சிமின் திரையை எட்டிப் பார்த்தாள். ஒரு மிடறு குடித்தவள் புட்டியை அப்படியே மூடினாள்.

"அக்கா, நீயா?"

"ஆமா."

"மூவாயிரத்துல ஒண்ணு. யாரா இருந்தாலும் சுழியந்தான் அழுத்தியிருப்போம்."

"தலைப்பு கீழ எழுதியிருந்துச்சு. நான் வாசிக்கல."

மூவாயிரம் தலைப்பை வாசித்தால் வேலை எங்கே ஓடும்? இருவருக்கும் அது தெரியும். அந்தத் தெரிதலை உன்சிம் அன்று மாலை ரயிலில் கூடவே வீட்டுக்குக் கொண்டுபோனாள். சாப்பிட உட்கார்ந்தபோதும் அது எதிரே உட்கார்ந்திருந்தது. கோட்டின் உறையைப் பிரிக்கலாமா என்று அம்மா கேட்டாள். பிரிக்காதே என்று உன்சிம் வள்ளென்று விழுந்தாள்.

மறுநாள் காலை முதல் வேலையாகத் தாக்கின் அறைக்குப் போனாள். அவர் அலுமினியத் தாளில் சுற்றிய கிம்பாப் சோற்றுச் சுருளை வில்லை வில்லையாகத் தின்றபடி பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். ஐம்பதை நெருங்கும் மனிதர். அடுத்த வேலை அவருக்கு எங்கும் இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும். மற்றவர்களுக்கு வேலை தேடிக் கொடுத்த பட்டியலில் அவர் பெயர் கிடையாது.

விஷயத்தைச் சொன்னாள். காணொளி போய்விட்டது, ஆனால் பதிவு வரி இருக்கிறது. விபத்துக்கு ஒன்பது நாள் முன்னாலேயே அவன் அந்தத் தலைப்போடு ஏற்றியிருக்கிறான். தானே கழற்றப் போகிறவன் கழற்றச் சொன்னார்கள் என்று அவ்வளவு முன்னாலேயே எழுதி வைப்பானா? சொந்தப் பெயர், சொந்த எண், தேதி, நேரம் எல்லாம் அதில் இருக்கிறது. கம்பெனி முத்திரையோடு அந்த ஒரு வரியைத் தாளில் கொடுத்தால் நீதிமன்றம் பார்க்கும். வியாழக்கிழமை ஆறு மணிக்குப் பயனர் விவரங்களையெல்லாம் சட்டப்படி அழித்துவிடுவார்கள். அதற்குப் பிறகு அந்த வரியும் இருக்காது.

தாக் ஒரு வில்லையை மென்று விழுங்கினார்.

"முத்திரை வக்கீல்கிட்ட இருக்கு. ஒரு தாளும் வெளிய போகக் கூடாதுன்னுட்டார். ஒருத்தருக்குத் தப்பா அழிச்சோம்னு எழுதிக் குடுத்தா நாளைக்கு நூறு பேர் வந்து நிப்பான்."

"நூறு பேருக்கும் தப்பா அழிச்சிருந்தா நிக்கட்டுமே சார்."

"உன்சிம்." அவர் குரலைத் தாழ்த்தினார். "அந்த வரியில உன் பேர் இருக்கு, பாத்தியா?"

"அதனாலதான் வந்தேன்."

"அங்க சேரப்போற இடத்துல உன்னப் பத்தி நான் என்ன சொல்லியிருக்கேன் தெரியுமா? இவ கண்ணு தப்பாதுன்னு சொல்லியிருக்கேன். கோர்ட்டுல உன் பேரு வந்தா நாலாம் தேதி உனக்கு யாரும் கதவத் தொறக்க மாட்டான். அந்த ஆளோட மூஞ்சியக்கூட நீ பாத்ததில்ல."

"பாக்கலங்கறதுதான சார் பிரச்சினை."

அவர் கிம்பாப் சுற்றிய தாளைக் கசக்கி உருட்டினார். இன்னும் ஒரு நாள்தான், பேசாமல் கடந்துவிடு, உன் அம்மாவை நினை என்றார். அம்மாவை இழுத்ததுதான் அவளுக்கு ஆகவில்லை. அலமாரிக்கு மேலே இருந்த செருப்புப் பெட்டியை ஒரு முறை பார்த்துவிட்டு வெளியே வந்தாள்.

விற்காமல் மிச்சம் வைத்திருந்த ஒரே அச்சுப்பொறி ஊழியர்களுக்குப் பணிச் சான்றிதழ் எடுத்துக் கொடுப்பதற்காக இருந்தது. வியாழக்கிழமை மதியம் உன்சிம் தன் சான்றிதழை எடுத்தாள். "பொறுப்புடன் பணியாற்றினார்" என்று அதில் இருந்தது. அதன் பின்னாலேயே அந்த வரியையும் எடுத்தாள். பயனர் விவரத்தை வெளியே கொண்டுபோக மாட்டேன் என்று வேலைக்குச் சேர்ந்த அன்று தன் பெயர் முத்திரை வைத்துக் கொடுத்தது நினைவில்லாமல் இல்லை. இரண்டு தாளையும் சுன்தொக் விட்டுப்போன படிவத்தோடு சேர்த்து உறையில் வைத்தாள். படிவத்தில் முகவரி இருந்தது. வெள்ளைத்தாளில் கையால் ஒரு வாக்குமூலமும் எழுதியிருந்தாள்.

அன்று மாலை ஆறு மணிக்கு எல்லாரும் சேர்ந்து தளம் நிற்பதைப் பார்த்துவிட்டுப் பன்றி இறைச்சி சுட்டுத் தின்னப் போவதாக ஏற்பாடு. உன்சிம் நாலு மணிக்கே பையை மாட்டினாள்.

"எங்கக்கா?" என்றாள் ஆரம்.

"சிஹ்வா."

ஆரம் மேசைக்கு அடியிலிருந்து அந்தச் சத்து பானப் பெட்டியை எடுத்து நீட்டினாள். ஒன்பது புட்டி இருந்தது. "இத அவங்ககிட்டயே குடுத்துரு. எனக்கு எறங்க மாட்டேங்குது."

கும்ஜோங்கில் ரயில் மாறி நான்காம் தடத்தில் ஜோங்வாங் வரை போனாள். இறங்கியதும் மூக்கில் உலோக வாடை அடித்தது. வசந்தத்தில் பாலைவனத்திலிருந்து வரும் மஞ்சள் புழுதி விழுந்து வானம் பழைய துணி நிறத்தில் இருந்தது. வீடு ஒரு வரிசைக் கட்டடத்தின் தரைத்தளம். கதவைத் திறந்த சுன்தொக் அவளை அடையாளம் கண்டு, கையில் இருந்த பெட்டியையும் பார்த்து, ஒன்றும் புரியாமல் உள்ளே கூப்பிட்டாள்.

இல்ஹோ தரையில் செய்தித்தாளை விரித்துப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தான். முப்பத்து நாலு வயது. பூண்டுப் பல்லை இரண்டு முழங்கால்களுக்கும் நடுவே இடுக்கி, இடது கைக் கத்தியால் தோலைச் சீவினான். வலது சட்டைக் கை முனை மடித்துத் தைக்கப்பட்டிருந்தது. யாரோ ஆபீசிலிருந்து வந்திருக்கிறார்கள் என்று அக்கா சொன்னதும் கத்தியைத் தாளுக்கு அடியில் தள்ளிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தான்.

உன்சிம் சுற்றி வளைக்கவில்லை. அவளுக்கு அது வராது.

"உங்க வீடியோவ காலின்னு போட்டது நான்தான். நாலு நொடி பாத்தேன். அன்னிக்கு அக்காகிட்ட இதச் சொல்லல."

சுன்தொக் கையில் இருந்த தம்ளரைக் கீழே வைத்தாள். வைத்தவள் எழுந்து அடுப்பங்கரைக்குப் போய் அங்கேயே நின்றாள். வீட்டில் இருந்தது இரண்டே அறை, அதனால் அவள் முதுகு தெரிந்தது. இல்ஹோ உன்சிம் நீட்டிய பதிவுத் தாளை வாங்கித் தரையில் வைத்து, மேல் ஓரத்தைக் காலால் அழுத்திக்கொண்டு, ஒரு முறை வாசித்தான். மறுபடியும் வாசித்தான்.

"நாலாம் நம்பர் பிரஸ்," என்றான். "தலைப்பு அப்படியே இருக்கு."

உன்சிம் தன் வாக்குமூலத்தை வாசித்துக் காட்டினாள். பெயர், வயது, வேலை. அப்புறம் விஷயம். "மேற்படி காணொளியின் ஒன்பது படங்களும் கறுப்பாக இருந்ததால் காலி என்று முடிவு செய்தேன். ஒலியைக் கேட்கவில்லை. ஒலியைக் கேட்பது எங்கள் வழக்கம் இல்லை." இரண்டு நாள் யோசித்ததில் அந்தக் கடைசி வரிதான் நேர்மையான வரி என்று அவளுக்குப் பட்டிருந்தது. தன்மேல் மட்டும் போட்டுக்கொள்ளாமல், பொய்யும் சொல்லாமல்.

அவன் தலையாட்டினான். பிறகு, "அதுல என்ன இருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியாதுல்ல?" என்றான்.

"தெரியாது. சொல்லுங்க."

"பதினோரு நிமிஷம்."

"சொல்லுங்க."

அவன் சொன்னான். பாதிக்கு மேல் இயந்திரச் சத்தம்தான். டக், டக் என்று இடது கையால் தரையில் தட்டிக் காட்டினான். நாலு அடிக்கு ஒரு முறை இயந்திரம் நிற்கும், கையை எடுக்க மறந்தால் சென்சார் நிறுத்தும், மறுபடி ஓடும். அதையும் தட்டினான். ஆறாவது நிமிடம் லைன் லீடர் வருகிறார். அவர் பேச்சைச் சொல்லும்போது இல்ஹோவின் குரல் மாறவில்லை, மனப்பாடம் செய்த பாடம் போல வந்தது.

"சென்சாரக் கழட்டுடான்னார். அது நின்னு நின்னு ஓடுது, எண்ணிக்கை விழுதுன்னார். கழட்டினா கை போயிரும் சார்னேன். உன் கை உங்கிட்டதான இருக்கு, பாத்து ஓட்டுன்னார். எழுதிக் குடுங்க, கழட்டுறேன்னேன். சிரிச்சார். சிரிப்பு நல்லா விழுந்திருந்துச்சு அதுல. இதுல எழுத என்னடா இருக்கு, இங்க எப்பவும் இதான் வழக்கம்னார்."

அதற்குப் பிறகு ஐந்து நிமிடம் மீண்டும் இயந்திரம். இந்த முறை எங்கும் நிற்காமல். அவன் அதையும் தட்டினான். ஒரே சீராக, நெடுநேரம் தட்டினான். உன்சிம் கடைசிவரை கேட்டாள். அடுப்பங்கரையிலிருந்து சுன்தொக் திரும்பி வந்து சுவரோரம் உட்கார்ந்தாள். அவளும் முழுதாக இதைக் கேட்பது அதுதான் முதல் முறை போலிருந்தது.

அவன் கை நின்றபோது உன்சிமின் போன் அதிர்ந்தது. ஆரமின் செய்தி: அக்கா, நின்னுருச்சு. ஆறு மணிக்கு ரெண்டு நிமிஷம் முன்னாடியே.

உன்சிம் வாக்குமூலத்தைத் தரையில் வைக்க, இல்ஹோ அதன் மேல் ஓரத்தைக் காலால் அழுத்திக்கொண்டான். அவள் கடைசி வரியின் மேல் கோடு இழுத்தாள். வழக்கம் என்று எழுதிவிட்டால் அதில் ஆளே இல்லை. அதற்குக் கீழே எழுதினாள்: "ஒலியைக் கேட்க வேண்டாம், எண்ணிக்கை விழுகிறது என்று சொல்லி, 2007 நவம்பரில் எங்கள் காதுக்கருவிகளை வாங்கிக்கொண்டவர் டீம் லீடர் தாக் கிஜுன். நான் கழற்றிக் கொடுத்தேன். தலைப்பையும் நான் வாசிக்கவில்லை."

தாக் என்ற எழுத்து வந்த இடத்தில் பேனா கொஞ்சம் நின்றது. "நாளைக்கே வா" என்ற குரல் காதில் கேட்டது. நின்ற இடத்தில் மை ஒரு புள்ளியாக ஊறியது. பிறகு மீதியை எழுதினாள்.

"உங்களுக்கு வேற எடத்துல வேல கெடச்சிருக்குன்னு அன்னிக்கு அந்தச் சின்னப் பொண்ணு போன்ல பேசிட்டிருந்துச்சு," என்றாள் சுன்தொக். "இதக் குடுத்தா அது?"

"போயிரும்க்கா."

சுன்தொக்கால் வேண்டாம் என்று சொல்ல முடியாது. அது அங்கிருந்த மூன்று பேருக்கும் தெரிந்தது. எழுந்துபோய் அலமாரியிலிருந்து சிவப்பு மைப்பெட்டியை எடுத்து வந்து மூடியைத் திறந்து வைத்தாள். மையில் ஒரு பெருவிரலின் பள்ளம் இருந்தது.

வரியை அடித்துத் திருத்திய இடத்தில் திருத்தியவர் முத்திரை இல்லாவிட்டால் எந்த நீதிமன்றமும் தாளை வாங்காது. உன்சிம் பையிலிருந்து தன் முத்திரையை எடுத்தாள். பட்டம் வாங்கியபோது அம்மா செதுக்கிக் கொடுத்த மரமுத்திரை. வேலைக்குச் சேர்ந்த அன்று ஒரே ஒரு முறை பயன்பட்டது. அந்தப் பள்ளத்தை விட்டுத் தள்ளி மையைத் தொட்டு, இழுத்த கோட்டின் மேல் ஒன்று, பெயருக்குப் பக்கத்தில் ஒன்று என்று இரண்டு முறை அழுத்தினாள்.

இல்ஹோ தாளின் மேல் ஓரத்திலிருந்து காலை எடுத்தான். மடித்தால் மை ஒட்டிக்கொள்ளும் என்று சுன்தொக் அதைக் காயட்டும் என்று விட்டாள். காயும்வரை சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல், உன்சிம் செய்தித்தாளின் அந்தப் பக்கம் நகர்ந்து, ஒரு பூண்டுப் பல்லை எடுத்து உரிக்க ஆரம்பித்தாள்.